சாமை போல் வீசிய கீரை விதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. தப்பாக எழுதியிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜவ்வாது மலையை விட்டு இறங்கி, ஆலங்காயத்துக்கு வெளியே புது மனையில் மகன் கட்டிய வீட்டுக்கு வந்த வருஷம் அது. வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. பாம்பு வரும், சேறாகும், சிமெண்ட் போட்டுவிடலாம் என்றான் மகன்.

மருமகள்தான் தடுத்தாள். "அத்தை கையில குடுத்துப் பாக்கலாங்க. தீபாவளிக்குள்ள சமையலுக்கு ஆவுற மாதிரி இன்னாச்சும் வந்தா வுட்டுடலாம். இல்லன்னா சிமெண்ட்டு போட்டுக்குங்க."

மண்ணே இல்லாத வீட்டில் பகலெல்லாம் நான் என்ன செய்வேன்? சரி என்று தலையாட்டினேன்.

மருமகள் ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்தாள். ஒரு கட்டத்தில் கீரை, ஒன்றில் முள்ளங்கி, ஒன்றில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை. விதைப் பொட்டலங்களையும் என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எழுத்தைப் படித்துவிட்டேன். ஆனால் தாளின் மேல்பக்கம் சமையல்கட்டா, மதில் சுவரா? தாளைத் திருப்பினேன், கட்டமும் கூடவே திரும்பியது. தாளை அப்படியே பிடித்துக்கொண்டு நான் திரும்பி நின்றேன். அப்போதும் விளங்கவில்லை. மலையில் எங்கள் நிலம் சரிவு. மேடு எது, பள்ளம் எது என்று ஓடுகிற தண்ணீரே காட்டிவிடும். இங்கே எல்லாம் ஒரே மட்டம். சாயங்காலம் கேட்கலாமென்றால் வெட்கம். இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்துவிட்டால்?

தெரிந்ததைச் செய்தேன். மலையில் சாமையோடு கடுகும் துவரையும் கலந்துதான் வீசி விதைப்போம். அதே மாதிரி எல்லாப் பொட்டலத்தையும் முறத்தில் கொட்டி, மணல் கலந்து வீசிவிட்டேன்.

பத்து நாளில் தரை முழுக்கப் பச்சை. மருமகள் வந்து பார்த்தாள்.

"அத்தை, இன்னாங்க இது? கட்டம் எங்க?"

"எல்லாம் இருக்குதும்மா. கலந்து இருக்குது."

"முள்ளங்கி எது?"

எனக்கே தெரியவில்லை. சாமைப் பயிரைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பொட்டல விதை முளைத்து நான் எங்கே பார்த்தேன்? களை எது, செடி எது என்றே குழம்பிப்போனேன்.

மகன் சிரித்தான். "நம்ம அம்மா காட்டையே தூக்கினு வந்து வூட்டுக்குப் பின்னால வுட்டுடுச்சு. கொத்தனார வரச் சொல்லட்டா?"

மருமகள் குந்தினாள். ஒன்றைப் பிடுங்கி, நுனிப் பல்லால் கடித்தாள். "காரமா இருக்குது. இதாங்க முள்ளங்கி!"

அதிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும் குந்தி, பிடுங்கி, முகர்ந்து, கடித்துப் பார்த்தோம். நெருக்கமாக இருந்த இடத்தில் பிடுங்கிய கீரையைக் கடைந்து சோற்றோடு வைத்தோம். மகன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்து, "துணி துவைக்கிற எடத்துக்கு மட்டும் சிமெண்ட்டு போட்டுக்கலாம். மீதி உன் காடு" என்றான்.

விதை போட்டது ஆடியா, ஆவணியா என்று சரியாக நினைவில்லை. வெண்டை மட்டும் மூன்றே செடிதான் நின்றது. நான் களை என்று பிடுங்கிப் போட்டதில் வெண்டையும் போயிருக்குமோ என்று இன்னும் சந்தேகம். மருமகள் இதைப் படித்து, தப்பிருந்தால் திருத்தட்டும்.