பக்கத்து யூனிட்காரர்

என் மச்சானிடம், அதாவது அக்காவின் கணவரிடம், ஒரு டி-ஷர்ட் இருக்கிறது. கருநீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. வெள்ளை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். நீலம் இறங்கி, வெள்ளைக் கோடெல்லாம் சொட்டுநீலம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி இருக்கும். எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார். ஏது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பக்கத்து யூனிட்காரர் குடுத்ததுங்க.” திருப்பூருக்கு வெளியே பெருமாநல்லூரைத் தாண்டி இருந்த அவருடைய பனியன் யூனிட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் யூனிட் என்று எதுவுமே கிடையாது. இரண்டு பக்கமும் சோளக்காடு, பின்னால் ஒரு கிணறு. இதை நான் சொன்னால் கேட்காத மாதிரி அடுத்த வாய் காபியைக் குடிப்பார்.

அப்போது நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். டெலிபோன் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டு இணையம் வந்த காலம். ஊரில் பனியன் தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு நியூஸ்குரூப்பை ஆரம்பித்து, ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுதினால் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இறங்கிவிடும். லைனைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படித்து, பதில் எழுதி, மறுபடி இணைக்கும்போது அனுப்பலாம். பெயர் என்று எதை அடித்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். எனவே எல்லோரும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெருமாநல்லூர் கேட்கும், கணியூர் பதில் சொல்லும். ஆனால் ஒருவர்கூடத் தன் துணியில் கோளாறு என்று எழுதியதில்லை. துவைத்தால் முறுக்கிக்கொள்வது, சுருங்குவது, சாயம் திட்டுத்திட்டாக ஏறுவது எல்லாமே பக்கத்து யூனிட்டில்தான் நடக்கும். இவர் பாவம், அவருக்காகக் கேட்கிறார். பதில் சொல்கிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. “எங்க பக்கத்து யூனிட்லயும் இப்படித்தானுங்க ஆச்சு” என்றுதான் தொடங்குவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே ஊரே ஒரே இலையில் உட்கார்ந்து மறைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு, ஆண்மை மருந்து விளம்பரங்கள் வேறு குரூப்பில் வந்து குவிந்தன. துணியைப் படம் எடுத்துப் போட வழியில்லை. பழைய பதிலைத் தேட வழியில்லை. கேட்ட கேள்வியையே வருடத்துக்கு நாலு தரம் கேட்டார்கள். நான் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு வெப் ஃபோரம் கட்டினேன். சாயத்துக்கு ஒரு அறை, நூலுக்கு ஒரு அறை, தையலுக்கு ஒரு அறை. பெயர், நிறுவனம், ஊர் மூன்றும் கட்டாயம். ஒவ்வொரு பதிவின் கீழும் அவை தெரியும். நான் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே வர முடியும். முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் ஒரு பையிங் ஆபீஸின் கியூ.சி. சார். வெளிநாட்டு வாங்குபவர்களுக்காகத் துணியைச் சோதித்து, அனுப்பலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிறவர். டை கட்டிய படத்தோடு வந்திருந்தார். பெரிய ஆள் வந்துவிட்டார் என்று பூரித்துப்போய் முகப்பிலேயே அறிவிப்புப் போட்டேன். பழைய குரூப்பை மூடிவிட்டு எல்லோரையும் அழைத்தேன்.

வந்தார்கள். “வணக்கமுங்க” என்றார்கள். “நல்ல முயற்சிங்க” என்றார்கள். ஒருவர் முருகன் படம் போட்டார். அத்தோடு சரி. கேள்வி என்று ஒன்றுகூட வரவில்லை. திருப்பூரில் திடீரென்று துணியே சுருங்காமல் போய்விட்டதா என்று சந்தேகம் வந்தது. தேநீர்க்கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் கரடியாகக் கத்தினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மச்சான் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் பை, பைக்குள் ஈரம் காயாத அந்த டி-ஷர்ட்.

“ஏனுங்க மாப்ள, பழைய குரூப்பை ஒரு நாளைக்கு மட்டும் தொறந்து உடுங்களே.”

“எதுக்குங்க மச்சான்?”

“பக்கத்து யூனிட்ல ஒருத்தருக்குக் கலர் இறங்குதுங்க.”

“அவரையே ஃபோரத்துல வந்து கேக்கச் சொல்லுங்க.”

“அவரு கொஞ்சம் கூச்சப்படற ஆளுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிரே இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன். திறக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் நூல் சரியில்லை என்பார், நூல்காரரைக் கேட்டால் தண்ணீர் சரியில்லை என்பார் என்பதும் எனக்குத் தெரியும். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “ஏன் கண்ணு, உன்ற மச்சான் சோறுண்க மாட்டேங்கறாரு. கேட்டா, பக்கத்து யூனிட்டுக்குக் கஷ்டம்ங்கறாரு. பக்கத்துல சோளந்தானே இருக்குது?” அவள்தான் மீதியையும் சொன்னாள். அதுவரை மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு நேரடியாக வந்த முதல் ஆர்டர். கொடுத்தது அதே கியூ.சி. சாரின் பையிங் ஆபீஸ். சாம்பிளுக்குத் தைத்த உருப்படிகளில் துவைத்ததும் நீலம் இறங்கிவிட்டது. மீதித் துணி இன்னும் வெட்டாமல் ரோலாகக் கிடக்கிறது. இது போனால் இனி யாரும் நேரடி ஆர்டர் தர மாட்டார்கள், திரும்பவும் அடுத்தவருக்குத் தைக்க வேண்டியதுதான். ஃபோரத்தில் கேட்கலாம் என்றால், நான் கொட்டை எழுத்தில் வரவேற்றிருந்த கியூ.சி. சார் டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஒப்புதலுக்கு ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. பெயர்: பக்கத்து யூனிட்காரர். நிறுவனம்: பக்கத்து யூனிட். ஊர்: பக்கத்துல.

தலையில் அடித்துக்கொண்டேன். நான் எழுதிய விதியை என் அக்கா புருஷனே என் கண்முன்னால் போட்டு மிதிக்கிறார். நிராகரிக்கலாம் என்று போனவன், அக்கா கேட்ட சோளக் கேள்வி ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். கேள்வி வந்தது. மதியம்வரை சத்தமில்லை. அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விண்ணப்பங்கள். எதிர் யூனிட்காரர். மேல்மாடி யூனிட்காரர். பக்கத்து யூனிட்டுக்குப் பக்கத்து யூனிட்காரர். என் ஃபோரத்தில் ஒரு தெருவே குடியேறிவிட்டது. செத்துக் கிடந்த இடத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றிலும் தெளிவாக எழுதியிருந்தவர் ‘பின்பக்கத்து யூனிட்காரர்’. சாயம் போட்டபின் சோப்புப் போட்டு அலசியது போதவில்லை, ரோலைச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பி மறுபடி அலசி, சாயம் பிடித்து நிற்க மருந்து கொடுத்து, ஒரு துண்டை வெட்டித் துவைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: “இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர்கிட்ட ரெண்டு நாள் தள்ளிக் கேளுங்க. குடுப்பாருங்க.”

விண்ணப்பத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி எனக்கு மட்டும்தான் தெரியும். பார்த்தேன். டை கட்டிய சாருடையது.

மச்சான் இரண்டு நாள் தள்ளிக் கேட்டார். கிடைத்தது. சோதனைக்குக் கியூ.சி. சார் வந்த அன்று நானும் யூனிட்டில் இருந்தேன். பீஸை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார், துவைத்துப் பார்த்தார், எதையும் சும்மா விடவில்லை. பிறகு டீ குடித்துக்கொண்டே, “கலர்ல பிரச்சனை ஒண்ணும் இல்லீங்களே?” என்றார்.

“நமக்கில்லீங்க. பக்கத்து யூனிட்காரருக்குத்தான் கொஞ்சம் இருந்துச்சுங்க.”

“அவருக்குச் சரியாயிருச்சுங்களா?”

“ஆயிருச்சுங்க.”

கியூ.சி. சார் ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். “நல்லதுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன்.

அந்த ஃபோரமும் போய்விட்டது. இப்போது எல்லோரும் செல்போன் குரூப்பில் இருக்கிறார்கள். பெயர், நம்பர், முகம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. விடிந்தால் காலை வணக்கம், கிருத்திகை வந்தால் வேல். கேள்வி மட்டும் இல்லை. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். மச்சானின் யூனிட் மூன்று மாடியாகிவிட்டது. சோளக்காட்டில் நிஜமாகவே ஒரு யூனிட் வந்துவிட்டது. அதை நடத்துகிற நல்ல மனிதரைப் பற்றி மட்டும் மச்சான் எதுவும் பேசுவதில்லை, ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அதே டி-ஷர்ட்டில் வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, “மாப்ள, அந்தப் பின்பக்கத்து யூனிட்காரர் ஆருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

“தெரியலீங்க மச்சான். ஏதாச்சும் சொல்லோணுமா? பார்த்தாச் சொல்லீர்றேன்.”

வெளுத்துப்போன நீலக் கோட்டைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

“நமக்கொண்ணும் இல்லீங்க. பக்கத்து யூனிட்காரர் அவரை மறக்கவே இல்லைன்னு சொல்லுங்க.”