சந்தேகத்தோடு வாங்கிய சொம்பும் சட்டியும்

பாத்திரக்கடையில் வேலை என்றால் பாத்திரம் விற்கிற வேலை என்று நினைக்காதீர்கள், ஊரார் சந்தேகத்துக்கு நின்று பதில் சொல்கிற வேலை அது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கடை எங்களுடையது. பக்கத்தில் சேலையைத் தடவிப் பார்த்து, ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து, ஏமாந்துவிட்டோமோ என்ற முகத்தோடு வெளியே வருகிறவர்கள், மிச்சச் சந்தேகத்தை எங்களிடம் தீர்த்துக்கொண்டு போவார்கள். துணிக்கடையோ, மருந்துக்கடையோ, கவுண்ட்டருக்கு உள்பக்கம் நிற்கிறவர் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

காந்தம்

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து நூலில் கட்டிய காந்தத்தை எடுத்தார். டிபன் கேரியர், டபரா, எண்ணெய்த் தூக்கு என்று ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தார். "நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதும்மா. எனக்குத் தெரியும்" என்றார். லேசாக ஒட்டியதையெல்லாம், கள்ள நோட்டைத் தள்ளி வைப்பதுபோல ஓரமாக வைத்தார். ஒட்டாத தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறானாம், அதற்கு ஒரு பால் பாத்திரம் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். அடியில் காந்தம் டக்கென்று ஒட்டியது. அவர் முகம் மாறிவிட்டது. "இது ஒட்டணும் சார். அடியில ஒட்டினாதான் அந்த அடுப்புல சூடு ஏறும்" என்றேன். நம்பவில்லை. வாசலுக்குப் போய் மகனுக்கு போன் போட்டார். மகனும் அதையே சொல்லியிருக்க வேண்டும், திரும்பி வரும்போது நடையில் வேகம் இல்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் படி இறங்கும்போது நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒட்டலைன்னா நல்லதுன்னு எனக்கே தெரியும், ஒட்டினாலும் நல்லதுன்றீங்க. அப்போ உங்க கடையில கெட்டதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

உருகிய சொம்பு

புதிதாகக் கல்யாணமான ஜோடி. ஓரிக்கைப் பக்கம் வீடு எடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஈயச்சொம்பில் ரசம் வைக்க ஆசை. மாப்பிள்ளைக்கோ ஈயம் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை, உடம்புக்கு விஷம் என்றார். "அது காரீயம் தம்பி. இது வெள்ளீயம். ரசத்துக்குத் தனி வாசனையே வரும்" என்றேன். செல்போனைத் தட்டி எதையோ படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். கடைசியில் மனைவியின் முகத்துக்காக வாங்கினார். நான் படித்துப் படித்துச் சொன்னேன்: புளித்தண்ணியை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்கணும், தீயைச் சின்னதாக வைக்கணும், வெறும் சொம்பை வைத்தால் உருகிவிடும் என்று.

இரண்டே நாளில் திரும்பி வந்தார்கள். கைக்குட்டையில் எதையோ சுற்றியிருந்தார்கள். பிரித்தால், வெள்ளையாக ஒரு வடை. "தண்ணி ஊத்தாம வெச்சீங்களா?" என்றேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மனைவி குளிக்கப் போன நேரத்தில், கலப்படம் இருந்தால் புகை வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, வெறும் சொம்பை அடுப்பில் வைத்துச் சோதனை செய்திருக்கிறார். புகை வரவில்லை, சொம்புதான் போய்விட்டது. முதலாளி அந்த வடையை எடுத்துக்கொண்டு வேறு சொம்பு தந்தார். அந்தப் பெண் அதை வாங்கித் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க சொம்பு சுத்தமானதுதான்க்கா. இவரைத்தான் யாராச்சும் சோதிச்சுப் பாத்துக் குடுத்திருக்கணும்."

காஞ்சிபுரம் இட்லித் தட்டு

காமாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு வந்த வெளியூர் அம்மாள் ஒருத்தர், "காஞ்சிபுரம் இட்லிக்குன்னு தனியா தட்டு இருக்குமே, அதை எடுங்க" என்றார். அப்படி ஒன்று கிடையாது என்றேன். ஒளித்து வைத்திருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். எட்டி எட்டி உள்ளே பார்த்தார். கோயிலில் மூங்கில் குடலையில் இலை வைத்து மாவை ஊற்றி அவிப்பார்கள், வீட்டில் நாங்கள் டம்ளரில் எண்ணெய் தடவி, மிளகும் சுக்கும் போட்ட மாவை முக்கால் அளவுக்கு ஊற்றி, இட்லிப் பானைக்குள் நிற்க வைத்து அவிப்போம் என்று விளக்கினேன். நல்ல கனமான டம்ளர்களை எடுத்தும் காட்டினேன்.

அவ்வளவுதான். விற்காத டம்ளரைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று தோன்றிவிட்டது அவருக்கு. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், "நெஜந்தாம்மா, நாங்களும் டம்ளர்லதான் ஊத்தறோம்" என்றார்கள். அவர்களும் எங்கள் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். போகும்போது சொன்னது: "இட்லித் தட்டு கேட்டா டம்ளரை எடுத்து வெக்கிறீங்க. காபி டம்ளர் கேட்டிருந்தா எதை எடுத்து வெச்சிருப்பீங்களோ!"

விசில்

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா புதுக் குக்கரைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் குடியிருக்கிற தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. தறியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து எழுந்து வர முடியாது, மூன்று விசில் காதில் விழுந்ததும் போய் அடுப்பை அணைப்பார். தினமும் சாதம் அரிசியாகவே நிற்கிறதாம். "பழசை பாலிஷ் போட்டுக் குடுத்துட்டீங்க" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். முதலாளி உள்ளேயிருந்து அடுப்பை எடுத்து வைத்து, அங்கேயே அரிசி போட்டுக் காட்டினார். மூன்று விசிலில் சாதம் பூவாக வெந்திருந்தது. அந்தம்மா தொட்டுப் பார்த்தார், வாயில் போட்டும் பார்த்தார். "உங்க அடுப்புல ஏதோ வெச்சிருக்கீங்க" என்றார்.

சாயங்காலம் நானே குக்கரோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தறியில் உட்கார்ந்தார், நான் அடுப்படியில் நின்றேன். குக்கர் முனகக்கூட ஆரம்பிக்கவில்லை, அந்தம்மா "ஒண்ணு" என்று எண்ணினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் "ரெண்டு" என்றார். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் குக்கர் அலறிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் எந்த வீட்டு விசில் என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. கூப்பிட்டுக் காட்டினேன். என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சுவரை முறைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி நாளா அவ விசிலுக்கு நான் அடுப்ப அணைச்சுக்கினு இருந்தனா? வேணும்னே அடிக்க வுட்டிருக்காப்பா!"

ஒரே பாத்திரத்தில்

எங்கள் முதலாளிக்கு ஒரு இருமல் உண்டு. சளி இருமல் இல்லை, "அந்தப் பையைப் பார்த்துக்கோ" என்கிற இருமல். செல்வி முதல்முறை வந்த அன்று அது நிற்கவேயில்லை. பட்டுக்கடையில் சேலை மடிக்கிற பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் காலியான கட்டைப்பை. எதையும் வாங்காமல் ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தாள். "இந்தக் குண்டான்ல சோறும் ஆக்கி, கழுவிட்டுக் குழம்பும் வெக்கலாமாக்கா?" "இந்தக் கடாய்ல தாளிக்கிறது, வதக்கறது எல்லாம் ஆவுமில்ல? அடை தட்டலாமா?" "வடிதட்டையே மூடியாவும் வெச்சிக்கலாமா?" கழுத்தில் தாலியோடு நிற்கிற, வருஷக்கணக்காகச் சமைத்த பெண், எந்தப் பாத்திரத்தில் எத்தனை வேலை நடக்கும் என்று ஏன் கேட்கிறாள்? நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.

சில வாரம் கழித்து குண்டானை வாங்கினாள். வாங்கிவிட்டு, "இங்கயே வெச்சிருக்கறீங்களா? அப்புறமா எடுத்துக்கறேன்" என்றாள். முதலாளிக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. பிறகு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சேர்ந்தது. கடாய், கரண்டி, அஞ்சறைப்பெட்டி, சின்னக் குக்கர். எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். தெருவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "தனியா போவப்போறேன்க்கா. நானும் எம்பொண்ணும். வூட்லேர்ந்து ஒரு கரண்டிய எடுத்தாலும் அவருக்குத் தெரிஞ்சிரும்." சொல்லிவிட்டு ஜாக்கெட் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்று கடை மூடும்போது முதலாளியிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு ஆள் வந்து செல்போனில் செல்வியின் போட்டோவைக் காட்டினான். "எம் பொண்டாட்டி. இங்க வந்துக்கினு போறான்னு சொல்றாங்க. இன்னா வாங்குறா?" பெட்டி அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. முதலாளி போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். யார் எப்போது எந்தக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதுகூட மறக்காத மனுஷர் அவர். "எத்தினியோ பேரு வர்றாங்க போறாங்க. மொகமெல்லாம் ஞாபகம் இல்லபா. உனக்கு இன்னா வேணும், டம்ளரா, சொம்பா?" என்றார். அவன் கடையை ஒரு சுற்றுப் பார்த்தான், என்னையும் பார்த்தான், போய்விட்டான். முதலாளி அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியை உள் அறையில் வைக்கச் சொன்னார்.

அடுத்த வாரமே, காலையில் கடை திறந்ததும் செல்வி ஆட்டோவில் வந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் மகள். முதலாளியே பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அலமாரியிலிருந்து மூன்று சாப்பாட்டுத் தட்டு எடுத்து, எங்கள் பங்காக இருக்கட்டும் என்று நீட்டினேன். செல்வி ஒன்றைத் திருப்பி என் கையில் வைத்தாள். "ரெண்டு போதும்க்கா. மூணாவது இருந்தா, அது யாருக்குன்னு பொண்ணு கேப்பா."

இத்தனை காலம் பாத்திரக்கடையில் நின்றதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சந்தேகம் சட்டி மேல் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், விசாரித்துப் பார்த்தால் அது எப்போதும் ஏதோ ஒரு ஆள் மேல்தான் இருக்கிறது.