பத்து வார்த்தை மனப்பாடம்

என் வீட்டுக்காரர் அம்மையப்பன் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்னு சொன்னா, சாத்தூர்ல எங்க சொந்தக்காரங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. ஐஸை சர்பத்துல மட்டும் பார்த்த ஜனங்க. துபாய்க்கு இவர் வந்தது ஐஸ்ல சறுக்குற ஸ்கேட் ஷூவோட அடிக்கத்திக்குச் சாணை பிடிக்கிற வேலைக்கு. ஒருநாள் பயிற்சிக்கு கீப்பர் வரல. "பாய், சும்மா நில்லு, போதும்"னு இவரை நிறுத்தினாங்க. நின்ன மனுஷன் பதினோரு வருஷமா நிக்கிறார். இப்ப கிளப் சம்பளம், கிளப் விசா, பர் துபாய்ல ஒரு ரூம் வீடு.

எனக்கு இந்த வேலையே பயம். பக்னு ஒரு கெட்டி ரப்பர் வட்டு, என்னா வேகத்துல வரும்ங்கிறீங்க! மத்தவங்க விலகுவாங்க, இவர் குறுக்க போய் விழுவார். பாதி மேட்சை நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்ப்பேன்.

போன சீசன்ல இருந்து கிளப்ல ஒரு சட்டம். தலையில அடிபட்டா டாக்டர் பரீட்சை வைப்பாங்க. பத்து வார்த்தை வாசிப்பாங்க, திருப்பிச் சொல்லணும். மாசத்தையெல்லாம் பின்னாலிருந்து சொல்லணும். தப்பு விட்டா ஐஸ்ல இறங்கக்கூடாது. முப்பத்தெட்டு வயசு கீப்பரை ஒருதடவை உட்கார வச்சா, அடுத்த கான்ட்ராக்ட் ஏது? அந்தத் தாளை எங்கிருந்தோ போட்டோ எடுத்துட்டு வந்து, "உமா, இதைக் கேளுடி"ன்னார். நமக்குத்தான் பரீட்சைன்னா மனப்பாடம்னு ரத்தத்துலயே ஊறிப்போச்சே! நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்பேன், அவர் கார்ப்பெட், மங்கி, பெப்பர்னு ஒப்பிப்பார். ஒரு வார்த்தை விட்டா தலையில ஒரு குட்டு வேற வைப்பேன், புத்திகெட்டவ.

போன வெள்ளிக்கிழமை மூணு மணி மேட்ச். இருபது இருபது நிமிஷமா மூணு பாகம். ரெண்டாவது பாகம் முடியிற நேரம், ஹெல்மெட்டோட நெத்தியில பக் அடிச்சுது. மனுஷன் அப்படியே சாய்ஞ்சார். நான் எப்படிப் படியிறங்கி ஓடினேன்னு எனக்கே தெரியாது. உள்ள ரூம்ல டாக்டர் ராதிகா மேடம் பரீட்சை வச்சாங்க. பத்து வார்த்தையும் கடகடன்னு கொட்டினார். டிசம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஒரு மாசம் பிசகல. "குட், கடைசி பாகம் ஆடலாம்"னுட்டாங்க மேடம்.

கிளவுஸை மாட்டிக்கிட்டே என் பக்கம் குனிஞ்சு, "உமா, மேட்ச் எத்தனை மணிக்கு?"ன்னார்.

நாப்பது நிமிஷம் ஆடி முடிச்ச மனுஷன் கேட்கிற கேள்வி! வாயை மூடிக்கிட்டா விசா இருக்கும், வேலை இருக்கும். இன்னொரு அடி விழுந்தா இவர் இருப்பாரா?

"மேடம், அனுப்பாதீங்க! அத்தனையும் நான் ஒப்பிக்க வச்ச பாடம்!"னு கத்திட்டேன்.

மேடம் வேற தாளை எடுத்து, புதுசா பத்து வார்த்தை வாசிச்சாங்க. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையா ஆரம்பிச்சார்: "கார்ப்பெட், மங்கி, பெப்பர்..."

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி"ன்னு ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் திட்டினார். ஸ்கேன் எடுத்தாங்க. மூளையில வீக்கம், இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னாங்க. கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்தேன். திட்டினதுகூட அவருக்கு மறந்துபோச்சு. பத்து நிமிஷத்துக்கொரு தடவை, "நான் ஏன் ஆடல? யார் தடுத்தா?"ன்னு கேட்டார். "நான்தாங்க"ன்னேன். உடனே புதுசா கோபம், புதுசா அழுகை. வேற ஏதாவது சொல்லிச் சமாளிம்மான்னு நர்ஸ் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். இனிமே இவர் விஷயத்துல பொய்யே வேண்டாம்.

ஆறு தடவை கேட்டார். ஆறு தடவையும் திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் கேட்கல. கூரையையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார். பத்து நிமிஷம் ஆச்சு, இருபது ஆச்சு. ஞாபகம் வந்துருச்சா, இல்ல கேட்கிற நினைவே போயிருச்சா? "அய்யோ, கேளுங்க! உங்களை நான்தாங்க தடுத்தேன், திட்டுங்க!"ன்னு அவர் கையைப் பிடிச்சு உலுக்கினேன்.