மாடியில் கட்டிய ஜரிகை

எழுபத்தொன்றாம் வருஷம் பாகிஸ்தானோடு சண்டை வரப்போகிறது என்பதை நான் மண்ணெண்ணெய்க் கடையில் தெரிந்துகொண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எல்லோர் கையிலும் இரண்டு டின் இருந்தது. ஒரு டின்னோடு போன நான் மட்டும்தான் ஏமாளி.

டிசம்பரில் ரேடியோவும் அதையே சொன்னது. உடனே தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். விசில் கேட்டால் இருந்த இடத்திலேயே குப்புறப் படுக்க வேண்டும். புது ஆள், புதுக் கம்பி, புது வெளிச்சம், எது கண்ணில் பட்டாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டர் தேவை என்றார். தறியை விட்டு எழுந்து வேடிக்கை பார்க்க வந்தவன் நான். வாய் சும்மா இருக்கவில்லை. "பகைவன் வந்தா எங்க தறிக்குழியில தள்ளி மூடிடுவோம் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல் விசிலை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நாற்பது வயதில் விசில் கிடைத்தவனுக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. கோயில் வாசலில் படம் பிடித்த வெளியூர்க்காரர் கோபுரத்தை எடுக்கிறாரா, கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எடுக்கிறாரா என்று பின்னாலேயே போனேன். ஒரு சாமியாரின் குதிகால் ரொம்பச் சுத்தமாக இருந்தது; அவரை பஸ் ஏறும்வரை கண்காணித்தேன். வீடு வீடாகப் போய், மெட்ராஸுக்கு வழி தெரியாத விமானக்காரன் நம் கோபுரத்தை அடையாளம் வைத்துத்தான் திரும்புவான் என்று சொன்னேன். பெண்கள் பயந்தார்கள். அவர்களைப் பார்த்து நானும் பயந்தேன்.

பயந்தவனுக்குச் செய்தி வேண்டும். என் ரேடியோவோ கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைந்தது. மாடியில் நீளமாகக் கம்பி இழுத்தால் தெளிவாகக் கேட்கும் என்றார்கள். காசு கொடுத்துக் கம்பி வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நெய்து மிஞ்சிய துண்டு ஜரிகை ஒரு டப்பா நிறைய இருந்தது. வெள்ளி சுற்றிய நூல்தானே, அதில் ஓடாததா கம்பியில் ஓடிவிடப் போகிறது? துண்டுகளை முடிச்சுப் போட்டு, பல இழையாகச் சேர்த்து முறுக்கினேன்.

ஒரு முனை என் மாடியில். மறு முனைக்கு, கொல்லைக்குப் பின்னால், அடுத்த தெருவில் இருக்கும் பாய் வீட்டு மாடிதான் தோது. பாய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை ரிப்பேர் செய்பவர். என்னோடு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றவர்.

"வேணாம்பா" என்றார். "கம்பி உன்னுது, பழி என்னுதா ஆயிடும்."

"யார் சொல்லப் போறாங்க? இந்தப் பக்கத்துக்கு நான்தான் காவல்."

"அதான் பயமா இருக்குது."

சொல்லிவிட்டு அவரே மூங்கிலில் கட்டிக் கொடுத்தார். தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற மாதிரி இருவரும் இரண்டு மாடியில் நின்று இழுத்தோம். அன்று டாக்கா செய்தி பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம், டீக்கடைப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணே, பாய் வீட்டு மாடியில ஏதோ மின்னுது. போலீஸுக்கு ஆள் அனுப்பிட்டோம். நீங்கதானே சொன்னீங்க?"

நான் போனபோது அடுத்த தெருவே அண்ணாந்து நின்றது. ஜரிகை வானத்தில் கோடு கிழித்த மாதிரி பளபளத்தது. கம்பிக்கு இரண்டு முனை. என் முனை முருங்கை மரத்துக்குப் பின்னால். அந்தத் தெருவுக்குத் தெரிந்தது பாயின் முனை மட்டும்.

"இதுல யாருக்குச் சேதி அனுப்புற?" என்று ஏட்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

பாய் கூட்டத்தில் இருந்த என்னைப் பார்த்தார். சொல்லு என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை. சொன்னால் நான் ஒற்றன். சொல்லாவிட்டால் இவர் ஜீப்பில் ஏறுவார். சொல்லத்தான் வாயெடுத்தேன். பயத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டேன். அது வீறிட்டது.

நான் நன்றாகத்தான் பழக்கியிருந்தேன். தெருவே சேற்றில் குப்புற விழுந்தது, ஏட்டு உட்பட. நின்றது நாங்கள் இருவர்தான்.

"இப்பவாவது சொல்லித் தொலைபா" என்றார் பாய்.

"ஏட்டையா, அது என்னுது."

சேற்றிலிருந்து தலை நிமிர்ந்தது. "எது, விசிலா?"

"கம்பி. கம்பிகூட இல்லைங்க, ஜரிகை."

ஏட்டு மாடி ஏறி, இழுத்துப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, "ஜரிகையில சேதி கேக்குமா?" என்றார்.

"கேக்குதுங்க. கொஞ்சம் கரகரன்னு."

ரேடியோவுக்கு லைசென்ஸ் கேட்டார். அதை நான் புதுப்பிக்கவே இல்லை. ரேடியோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், உயிர் வந்த சிரிப்பு. கலைந்து போகும்போது ஒருவர் என் தோளில் கை போட்டார். "உன்னுதுன்னா சரிப்பா. ஆனா அந்தாளு ஏன் தன் மாடியில கட்ட விட்டாரு?"

நான்தான் கேட்டேன் என்றேன். "அதில்ல" என்றார். எதில்லை என்று சொல்லாமலே போய்விட்டார்.

சண்டை சீக்கிரமே முடிந்தது. பட்டாசு வெடித்தார்கள். அபராதம் கட்டி ரேடியோவை மீட்டுக்கொண்டு, அன்று அவிழ்த்து வைத்த ஜரிகைச் சுருளோடு பாய் வீட்டு மாடிக்குப் போனேன்.

"ஜெயிச்சாச்சே. இனிமே கிரிக்கெட் கேக்கலாம். கட்டட்டுமா?"

"வேணாம்பா."

மாடி மொட்டையாக இருந்தது. மூங்கில் இல்லை. துணி காயப்போடும் கொடிகூட இல்லை.

"துணியெல்லாம்?"

"உள்ளயே காயுது."

மார்கழி ஈரத்தில் உள்ளே எப்படிக் காயும்? நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன். எப்போதும் போலச் சிரித்தார். நான் படி இறங்கும்வரை கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.