துண்டுக்கு அடியில் மடங்காத விரல்

மாட்டுத் தரகனுக்கு வாய் பாதி முதல் என்றால், துண்டுக்கு அடியில் இருக்கிற விரல்கள் மீதிப் பாதி. மாடு விற்கிறவர் கையோடு என் கையைச் சேர்த்து, மேலே துண்டை விரித்து மூடிவிடுவோம். அவர் விரல்களில் எத்தனையைச் சேர்த்து இறுக்குகிறேனோ அதுதான் நான் கேட்கிற விலை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. தென்காசிப் பக்கத்துச் சந்தைகளில் அடியும் உதையும் பட்டு, இந்த விரல்களை வைத்துத்தான் வீடு கட்டினேன். அதே விரல்களில்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்தது. விடிந்ததும் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிற மகாஜனங்களே, நம்ம கதைதான் இது.

அடிமாட்டு விலை

திருவேங்கடத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி சீனி, ஒரு ஜோடி உழவு மாடு கொண்டுவந்திருந்தார். கரிசலில் உழுத மாடு. திமிலைப் பார்த்தாலே கை பரபரக்கும். துண்டைப் போட்டோம். அவருடைய நாலு விரலைப் பிடிக்க நினைத்தேன். என் விரல்கள் வீங்கிக் கிடந்ததால் வளைய மாட்டேன் என்று இரண்டிலேயே நின்றுவிட்டன. மனுஷன் வெடுக்கென்று கையை உருவினார். எனக்கு உயிரே போனது. அலறிவிட்டேன்.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, சீனி துண்டை என் தோளில் விட்டெறிந்தார்: "உழவு மாட்டுக்கு அடிமாட்டு விலை கேக்கீரு. கேட்டுட்டு நீரே கத்தவும் செய்யுதீரு. என்ன வே, கூத்தா காட்டுதீரு?"

குற்றாலத்து எண்ணெய்

விரல் மடங்கவில்லை என்று அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. கை போன தரகனை எவன் கூப்பிடுவான்? கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், அடுத்த சந்தைக்குப் போகவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் போகவில்லை. தென்காசி டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் வீக்கம் நன்றாகவே வற்றியது. ஆனாலும் கை மட்டும் துண்டை விட்டு வெளியே வரவில்லை.

எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குற்றாலம் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் கிண்ணத்தில் கையை நனைத்து என் விரல் பக்கம் கொண்டுவந்தார். "யம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் மரத்துக் குரங்கு கிளை மாறியது. அவர் எண்ணெய் வழிகிற கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, நான் இன்னும் தொடவே இல்லியே!"

டம்ளர்

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. போலீசில் இருக்கிற மச்சினன் பிடித்துக்கொண்டான். "பாத்தீயளா அத்தான், எல்லாம் மனசுதான். நோயும் இல்ல, நொடியும் இல்ல" என்றான். விடிய விடிய வலியில் புரளுகிறவன் நான். கான்ஸ்டபிள் வந்து நோயைத் தள்ளுபடி செய்கிறான். காப்பி டம்ளரை எடுத்துச் சுவரில் வீசினேன். சுவரில் இன்னும் கறை இருக்கிறது. ராத்திரி கை பன் மாதிரி வீங்கியதும் உண்மை.

என் மனைவி செல்வி சிந்திய காப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "டம்ளரைப் பிடிச்சுக் குடிக்கதுக்கு வராத கை, எறியதுக்கு மட்டும் வருதோ?"

ரெண்டு விலை

நேராக டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். சின்ன வயசு, ஆனால் என் கோபத்துக்கு அசைகிற ஆள் இல்லை. "இது உடம்பா, மனசா? ஒரே விலையைச் சொல்லுங்க. ரெண்டு விலை பேசுறது எனக்கு ஆகாது" என்றேன்.

"ரெண்டும்தான்" என்றார். மூட்டு வீங்குவது நிஜம், நடிப்பு இல்லை. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ஏறும். ஆனால் வலிக்குமே என்ற பயத்திலும், நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்திலும் கையை மடக்காமல் வைத்தால் அது மேலும் இறுகும். இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயமும் கூடும். "ஒண்ணுக்கொண்ணு தீனி போட்டு வளக்குது அண்ணாச்சி. பயப்படுதீங்கன்னு சொன்னா, வலி பொய்ன்னு அர்த்தம் இல்ல."

எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னதில், என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் குறையும் சொன்னது அவர் ஒருவர்தான். சந்தைக்குப் போகச் சொன்னார். வீக்கம் முழுசாகப் போகட்டும் என்றேன், முடியாது என்றார். சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன், அதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு சந்தைக்கு ஒரே ஒரு பேரம் என்று படிந்தது. வலி இல்லாத நாளில் இன்னும் நாலு பேசலாமே என்று ஏற்றிப் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை.

"வலி கூடுனாலும் ஒரு பேரம், வலி இல்லாட்டியும் ஒரு பேரம். அதுக்கு மேல ஏத்துறதை நான்தான் சொல்லுவேன்."

மறுபடியும் சீனி

முதல் நாள் சந்தைக்குள் நுழைந்தால், வேறொரு ஜோடியோடு நிற்கிறார் சீனி! திரும்பிப் போய்விடலாமா என்று கால் கேட்டது. போனால் அடுத்த வாரமும் போகமாட்டேன், அதற்கடுத்த வாரமும் போகமாட்டேன் என்று தெரியும். நேரே போய் நின்று, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "எனக்கு முடக்குவாதம் வே. அன்னைக்கு நாலு கேட்டேன், விரல் மடங்கல. இன்னைக்கு இறுக்க மாட்டேன், தொடுவேன். தொட்ட விரல்தான் கணக்கு. சம்மதமா?"

சொல்லி முடித்ததும் கையை முன்னால் நீட்டினேன். சீனி துண்டை விரித்தார். உள்ளே என் கையைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் ஏந்தினார். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரக்கம் வலியைவிட எரிச்சலாக இருந்தது. "கோழி முட்டையா வச்சிருக்கீரு? ஒழுங்காப் பிடிச்சு வெலையச் சொல்லும்!" என்று கத்தினேன். அவர் பிடித்தார். நான் தொட்டேன். அவர் மறுத்தார். மறுபடி தொட்டேன். இருவர் கையும் வேர்த்து, ஒருவழியாக விலை படிந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சீனி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வாதம் கைக்குத்தானாம்லே, வாய்க்கு ஒரு கேடும் இல்ல!"

மூட்டுக்கு மாத்திரையும் பயத்துக்குச் சந்தையும் என்று இரண்டு மருந்து சாப்பிடுகிறேன். என் கோபத்துக்கு மட்டும் இன்னும் எந்த டாக்டரும் விலை பேச வரவில்லை.