கோட்டை வாசலில் கிடைத்த மடிப்பிச்சை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திண்டுக்கல்லில் மாவு மில் நடத்துகிறேன். எழுத்து என்றால் மிளகாய்ப் பையில் ஆள் பெயர் எழுதுவதோடு சரி. ஆனால் என் கதை என்னைக் கேட்காமலே ஊரைச் சுற்றுகிறது. போன மாதம் வடமதுரையிலிருந்து மல்லி அரைக்க வந்த ஓர் அம்மா என்னிடமே சொன்னார்: "யாரோ திண்டுக்கல்காரராம்ணே. சீமையில பனிமலை மேல வெறுங்காலோட ஏறுனாராம். முருகனே வெள்ளைக்காரனா வந்து தூக்கிவிட்டாராம்!" சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகன் பெயரில் இல்லாதது உலவக் கூடாது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. மாப்பிள்ளைக்கு ஸ்காட்லாந்தில், எடின்பரோ என்ற பழைய நகரத்தில் வேலை. ஒரு தைப்பூசத்தன்று பழனி சன்னதியில் என் மனைவி ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். படி இறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். பேரப்பிள்ளை பிறந்தால் நான் மூன்று இடத்தில் மடிப்பிச்சை வாங்கி வந்து உண்டியலில் சேர்ப்பதாக நேர்ந்துகொண்டாளாம்.

"ஏம்மா, நேர்ந்துக்கிட்டது நீ. துண்டை ஏந்துறது நானா?"

"எனக்கு அது சுலபம்ங்க. சுலபமானதை நேர்ந்தா அவரு ஏத்துக்குவாரா?"

மடிப்பிச்சை என்பது, துண்டை விரித்துப் பிடித்து ஒருவர் வாசலில் நின்று, அவர் போடும் அரிசியையோ காசையோ வாங்கிக்கொண்டு, பதிலுக்கு விபூதி கொடுப்பது. வசதி உள்ளவர்களும் செய்வார்கள். 'நான்' என்னும் எண்ணம் கரைய வேண்டும் என்பதற்குத்தான் அது. எனக்கு அது கரையவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு மிளகாயும் என் மில்லில்தான் அரைபடும். எந்த வாசலுக்குப் போனாலும் "வாங்க முதலாளி" என்பார்கள். அங்கே போய் எப்படித் துண்டை விரிப்பது?

முருகன் தாமதிக்கவில்லை, பேரன் பிறந்தான். பிரசவம் பார்க்க மனைவி முன்னாலேயே போயிருந்தாள். போனில் தினமும் ஒரே பேச்சு: "இந்தப் பூசத்தைத் தாண்டக் கூடாதுங்க. பிள்ளைக்கு நேர்ந்தது." பேரனைப் பார்க்க மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பியபோது மார்கழி மாதம். நான் பாதயாத்திரைக்கு மாலை போட்டிருந்தேன். தாடி எடுக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. பூசத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அப்படியே கிளம்பிவிட்டேன். விமான நிலையத்தில் எல்லாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டு நிற்க, கழற்ற ஒன்றுமில்லாமல் சட்டென்று போனவன் நான் ஒருவன்தான்.

அங்கே இறங்கியதும் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"அப்பா! இங்க பனி கொட்டுது. விரல் மரத்துப் போயிரும்!"

"விரதம்மா. முருகன் பாத்துக்குவாரு."

"அவருக்கு இந்த ஊரு குளிரு தெரியாதுப்பா."

இரண்டு நாள் ஹீட்டர் பக்கத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததே கொஞ்ச நாள், அதையும் வீட்டுக்குள் கழிக்கிறேனே என்று மகளுக்கு வருத்தம். கடைசியில் எங்கள் யாத்திரைக் குழுவின் குருசாமிக்கு மாப்பிள்ளை போன் போட்டுக் கொடுத்தார்.

"செருப்புத் தோலுதான் ஆகாது சாமி," என்றார் குருசாமி. "கம்பளியைச் சுத்திக்கிட்டுப் போங்க. முருகன் உங்க கால்விரலையா காணிக்கை கேட்டாரு?"

மாப்பிள்ளையின் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். பனி ஒட்டாமல் இருக்க, நான் முறுக்கு கொண்டுபோன மஞ்சப்பைகளை மனைவி அதன் மேல் கட்டிவிட்டாள். மாப்பிள்ளையின் பழைய கோட்டு, பச்சைத் துண்டு, தாடி, காலில் ஜவுளிக்கடைப் பை. இந்தக் கோலத்தில்தான் அவர்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்கப் போனேன்.

பார்த்ததும் திகைத்துவிட்டேன். பெரிய பாறை, உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் ஊர். நம் திண்டுக்கல் மலைக்கோட்டையை யாரோ தூக்கிவந்து ஐஸ்பெட்டியில் வைத்தது போல இருந்தது. கைகூப்பினேன். மாப்பிள்ளை டிக்கெட் வாங்கப் போனார். பேரன் நனைத்துவிட்டான் என்று மகளும் மனைவியும் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் போனார்கள். நான் சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பழனி விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். "முருகா, ஊரில் எப்படித் துண்டு ஏந்துவேன்? நீயே ஒரு வழி காட்டு" என்று வேண்டினேன்.

உள்ளங்கையில் சில்லென்று ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு நாணயம். எதிரே ஒரு வயதான அம்மா. மூக்கு சிவந்திருந்தது, கைப்பையில் ஒரு முட்டைக்கோஸ். என் காலைப் பார்த்து ஏதோ பரிவாகச் சொன்னார். 'கோல்டு' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் குளிரிலும் என் காது சூடேறியது. திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், நாணயம் விபூதிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்று பொட்டலத்தை நீட்டினேன். அந்த அம்மா கையுறையைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசனை பிடித்தது போல, சிரித்தார். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவரும் பூசிக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த மனைவி கேட்டாள்: "என்னங்க, அந்தம்மா நெத்தியில விபூதி வச்சிட்டுப் போகுது?"

கையை விரித்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ அப்பா, உங்களைப் பிச்சைக்காரருன்னு நெனச்சிருக்காங்க!" என்று மகள் பதறினாள். "ஓடிப்போயிக் குடுத்துட்டு வாரேன்."

மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நில்லுடி! உன் பிள்ளைக்கு நேர்ந்தது அது. ஒண்ணு ஆச்சு, இன்னும் ரெண்டுதான் பாக்கி."

டிக்கெட்டோடு வந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாமா, இன்னும் செத்த நேரம் அப்படியே உக்காருங்க. மிச்ச ரெண்டும் முடிஞ்சிரும்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் நான் உட்காரவில்லை. தெரியாதவர் கையால் கேட்காமலே வந்துவிட்டது. மிச்சத்தைத் தெரிந்தவர்களிடம் நானே கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றியது. அதுவரை இருந்த பயமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் மில்லுக்குப் பக்கத்துப் பிரியாணிக் கடை வாசலில் துண்டை விரித்தேன். பாய் பதறி எழுந்தார். "என்னண்ணே, மில்லு ஓடலையா?"

விவரம் சொன்னேன். உள்ளே போய் இரண்டு கை நிறைய அரிசி கொண்டுவந்தார். "பிரியாணிக்கு வச்ச சீரகச் சம்பா. உங்க சாமிக்குப் பரவாயில்லையா?"

"அரிசிதானே பாய்!" என்றேன். அவருக்கு விபூதிக்குப் பதில் கற்கண்டு கொடுத்தேன்.

மூன்றாவது, எதிர்வீட்டு அம்மா. அரிசியைப் போட்டுவிட்டு, "அப்படியே உங்க மில்லுச் சத்தம் குறையணும்னும் வேண்டிக்கங்க" என்றார். வேண்டிக்கொண்டேன். இன்னும் குறையவில்லை.

பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாக நடந்துபோய், அரிசியைச் சன்னதியில் சேர்த்தேன். அந்த நாணயத்தைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டேன். பேரன் இப்போது நம் ஊர் வந்தால் மில்லுக்குள் மாவு பூசிக்கொண்டு ஓடுகிறான்.

நடந்தது இவ்வளவுதான். நான் பனிமலை ஏறவில்லை. வெறுங்காலோடும் இல்லை, சாக்ஸும் மஞ்சப்பையும் இருந்தன. அந்த அம்மா முருகனா என்று முருகனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிந்தது முட்டைக்கோஸ் வரைதான். நாலு பேரிடம் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். மஞ்சப்பையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.