வேடியப்பனுக்கு மீசை வச்ச குப்புராஜ்

எங்க வூட்டுக்காரரு குப்புராஜ் போர்டு எழுதற பெயின்டர். இண்டூர் சுத்துவட்டாரத்துல கட்சி விளம்பரமா, கோயில் செவுத்துல அம்மனா, எல்லாம் அவரு கைதான். அந்தக் கைதான் சும்மா கிடக்காது. பொங்கலும் இல்லாத நாள்ல எருமைக் கொம்புக்குப் பச்சை பெயின்ட் அடிச்சவரு அவரு.

எங்க ஊரு ஏரிக்கரையில ஒரு நடுகல்லு இருக்குது. மாடு மீட்கப் போய் செத்த வீரனோட கல்லாம். நாங்க வேடியப்பன்னு கும்பிடறோம். போன வருசம் பஞ்சாயத்துல அதைச் சுத்தி கம்பிவேலி போட்டு, "வரலாற்றுச் சின்னம். சிதைப்பவர் தண்டிக்கப்படுவர்"னு போர்டு எழுத இவரைக் கூப்பிட்டாங்க.

எழுதினோமா, வந்தோமான்னு இருந்திருக்கலாம். எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்துச்சாம். "சர்க்காரே இவ்ளோ பாடுபடறாங்க, நம்ம பங்குக்கு ஏதாச்சும் செய்யணுமில்ல சாலா"ன்னு எங்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. வீரனுக்கு ரோஸ் உடம்பு, நீலத்துல வேட்டி, காது வரைக்கும் மீசை. கடைசியா தலைக்குக் குளிச்சிட்டு வந்து, கண்ணு வரைஞ்சு சாமிக்குக் கண்ணும் தொறந்துட்டாரு. ஊரே குலவை போட்டு பொங்கல் வச்சுது. இவருக்குத் தலைகால் புரியல.

அப்புறம்தான் தொல்லியல் ஆபீசர் கோகிலவாணி மேடம் வந்தாங்க. கல்லைப் பார்த்தாங்க, போர்டைப் பார்த்தாங்க.

"இந்த போர்டை எழுதினது யாருங்க?"

"நான்தாங்க மேடம்."

"கல்லுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"அதுவும் நான்தாங்க!" சால்வை போடுவாங்கன்னு நெனச்சு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னாரு மனுசன்.

"போர்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு கொஞ்சம் படிங்க."

சத்தமாத்தான் ஆரம்பிச்சாரு. 'தண்டிக்கப்படுவர்' வந்தப்ப காட்டின பல்லு உள்ள போயிருச்சு.

பெயின்டை எடுத்தே ஆகணும், இல்லாட்டி போலீசுல புகார்னு மேடம் சொன்னாங்க. ஊர்ப் பெரியவரு மாதவராஜ் மாமா குறுக்க வந்தாரு. "கண்ணு தொறந்த சாமிங்க. அதை அழிச்சா ஊரு தாங்குமா? கல்லுல கை வைக்கவிட்டா குப்புராஜை ஊரை விட்டுத் தள்ளி வைப்போம்!"

இந்தப் பக்கம் ஜெயிலு, அந்தப் பக்கம் ஊரு. வூட்டுக்கு வந்து சோத்தைத் தொடாம சுருண்டு படுத்தாரு. "பெயின்டு மிச்சமானா என் தலையில ஊத்தியிருக்கலாமில்ல"ன்னு நல்லா ஏசினேன். ஆனாலும் பாவமா இருந்துச்சு. என்ன இருந்தாலும் கெட்ட எண்ணம் இல்லாத மனுசன்.

மறுநாளு மேடமும் ஊரும் கல்லுகிட்ட கூடி நின்னாங்க. யாரும் எறங்கி வரல. எனக்குப் பொறுக்கல.

"ஏனுங்க மாமா, நீங்க காலையில மூஞ்சி கழுவறீங்களே, கண்ணு அழிஞ்சா போச்சு?"

"அதும் இதும் ஒண்ணா?"

"சாமிக்கு அபிஷேகம் பண்றோமில்ல, அதுல கண்ணு போயிருதா? மேடம் பண்ணப் போறதும் அபிஷேகம்தானுங்க."

மாமா தாடையைத் தடவினாரு. "அபிஷேகம்னா பம்பை அடிக்கணுமே?"

"தாராளமா அடிங்க. பால் மட்டும் ஊத்தாதீங்க"ன்னாங்க மேடம்.

பம்பைச் சத்தத்துல மேடம் ஏதோ மருந்துத் தண்ணியைத் தொட்டுத் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சாங்க. ரோஸ் போச்சு, மீசை போச்சு, வருசக்கணக்கா அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கும் போச்சு. அடியில பார்த்தா, கல்லுலயே அளவா ஒரு மீசை. மேல ரெண்டு கண்ணும் நல்லா முழிச்சிக்கிட்டு இருக்குது! எந்தக் காலத்துலயோ எவனோ தொறந்து வச்ச கண்ணு. இவரு அதுமேல பெயின்டைப் பூசி மூடியிருக்காரு. மாதவராஜ் மாமா கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

எங்க வூட்டுக்காரரு மட்டும் நகரல. "என்னைவிட நல்லா போட்டிருக்கான்டி"ன்னாரு. அவரு இன்னொருத்தர் வேலையைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்ல.

மேடம் புகார் கொடுக்கல. போர்டுல ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். இவரும் அழகா எழுதி, பழக்க தோசத்துல கீழ தன் பேரையும் போட்டுட்டாரு. இப்போ ஏரிக்கரைக்கு வர்றவங்க எல்லாம் அதைச் சத்தமாப் படிச்சுச் சிரிக்கறாங்க:

"பெயின்ட் அடிக்கக் கூடாது
குப்புராஜ்."

பேரை அழிச்சிரட்டுமான்னு கேட்டாரு. கல்லுகிட்டயே பிரஷ்ஷோட போகக் கூடாதுன்னுட்டேன்.